இடையாளர் பிணக்கும் வலைத்தள ஏடுகளின் மீட்சியும்

எழுதப்பட்டது நிலைத்தல் வேண்டுமாயின் அஃது எழுதப்பட்ட பொருளும் நிலைத்தல் வேண்டும். தமிழர் கல்லிலும் செப்பேட்டிலும் பனையோலையிலும் எழுதினர். பின்னர்த் தாளில் அச்சிட்டனர். இப்பொழுது மின்னணுச் சேவையகங்களிலும் எழுத்தை வைத்திருக்கின்றனர். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கதற்கு உரிய பகை உண்டு. ஓலைக்குச் செல்லும் இராமபாணப் பூச்சியும் பகை. தாளுக்கு ஈரமும் நெருப்பும் பகை. சேவையகத்தில் வைத்த எழுத்துக்கோ இவற்றின் மேலாக இன்னுமொரு பகை உண்டு. வைக்கக் கொடுத்தவருக்கும் வாங்கி வைத்திருப்பவருக்கும் இடையே எழும் பிணக்கே அது. பூச்சி அரிப்பதற்கு ஆண்டுகள் செல்லும். பிணக்கு முற்றினால் ஓர் இரவிலே ஒரு வலைத்தளம் முழுவதும் மறைந்துபோகும். அவ்வாறு மறைந்த ஏடுகளை மீட்கும் வழி யாது, மறையாமற் காக்கும் வழி யாது என்பன இங்கு ஆராயப்படும்.

ஊரும் வலைத்தளமும்

இதனை விளக்குவதற்குத் தொண்டைமானாற்றை எடுத்துக்கொள்ளலாம். வடமராட்சியின் வடகரையில், கடனீரேரி கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்த ஊர் அது. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு வெட்டுவித்த கால்வாயே ஊருக்குப் பெயர் தந்தது என்று வழிவழிச் செய்தி கூறும். செல்வச்சந்நிதி முருகன் கோயிலால் அடியாரும், கதவணையால் உழவரும், வெளிக்கள நிலையம் ஆக்கும் மாதிரி வினாத்தாள்களால் உயர்தர வகுப்பு மாணவரும் அவ்வூரின் பெயரை நன்கு அறிவர்.

இத்தகைய ஊர்களிற் பிறந்தோர் பலர் இன்று இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் வாழ்கின்றனர். ஊரையும் புலம்பெயர்ந்தோரையும் இணைக்கும் பாலமாக ஊர்ப்பெயரால் வலைத்தளம் நடத்துதல் வடமராட்சி ஊர்கள் பலவற்றில் வழக்கமாயிற்று. கோயிற் கொடியேற்ற அறிவித்தல், பாடசாலைப் பரிசளிப்பு விழாப் படம், மரண அறிவித்தல், முப்பத்தொராம் நாள் நினைவுரை, நன்கொடையாளர் பட்டியல், முதியோர் சொல்லக்கேட்டு எழுதிய ஊர் வரலாறு என்பன அத்தளங்களில் இடம்பெறுவன. இவற்றுட் பல வேறெங்கும் அச்சேறாதவை. போரினாலும் இடப்பெயர்வினாலும் வீட்டிலிருந்த படங்களை இழந்த குடும்பமொன்றுக்கு, வலைத்தளத்தில் ஏற்றிய ஒரு படமே எஞ்சிய படமாக இருத்தல் கூடும். ஆகவே இவ்வகைத் தளமொன்று அழியுமாயின் அழிவது விளம்பரப் பலகையன்று. ஓர் ஊரின் நினைவேடு.

குத்தகையும் உட்குத்தகையும்

வலைத்தளம் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் இயங்கும் கணினியில் வைக்கப்பட்ட கோப்புகளின் தொகுதி. அக்கணினியே சேவையகம். சேவையகத்தைத் தாமே வாங்கி நடத்துதல் பெருஞ்செலவாதலின் அதில் ஒரு பங்கை வாடகைக்குப் பெறுதலே பெரும்பாலோர் வழக்கு. இவ்வாடகைத் தொழிலையே பேச்சு வழக்கில் ஹோஸ்ரிங் என்பர். பெருநிறுவனம் ஒன்று சேவையகத்தை வைத்திருக்கும். அதனிடம் மொத்தமாக இடம் பெற்றுச் சிறு பங்குகளாகப் பிரித்துத் தம் பெயரால் விற்பவர் மறுவிற்பனையாளர். அவரிடம் வாங்குபவரே வலைத்தளத்துக்கு உரியவர்.

காணி வழக்கில் இதனை உட்குத்தகை எனலாம். காணிக்காரரிடம் ஒருவர் முழுவயலையும் குத்தகைக்கு எடுத்து, வரம்பு கட்டி, நால்வருக்கு உட்குத்தகை கொடுப்பது போன்றதே இது. உட்குத்தகைக்காரருக்கும் காணிக்காரருக்கும் நேரான உடன்படிக்கை இல்லை. இடையில் நிற்பவர் குத்தகைப் பணத்தைக் காணிக்காரருக்குச் செலுத்தாவிடின், தம் பங்கை ஒழுங்காகக் கொடுத்துவந்த உட்குத்தகைக்காரரும் வயலை இழப்பர். மறுவிற்பனையாளரை நம்பியிருக்கும் வலைத்தளத்தின் நிலையும் அதுவே.

எனினும் மறுவிற்பனையாளர் வேண்டாதவர் அல்லர். ஊர்ச்சங்கத்துச் செயலாளருக்குச் சேவையகத்தின் நுணுக்கம் தெரியாது. பெருநிறுவனத்தோடு ஆங்கிலத்திற் கடிதம் எழுதவும் கடனட்டையாற் பணம் செலுத்தவும் இயலாதிருக்கலாம். தெரிந்த ஒருவர், தமிழிற் பேசக்கூடியவர், உள்ளூர்ப் பணத்தில் வாங்கிக்கொள்பவர் நடுவில் நின்று உதவுதல் நன்மையே. தீங்கு விளைவது அவர் இருப்பதனால் அன்று. எல்லாத் திறவுகோல்களும் அவர் ஒருவரிடமே இருப்பதனால் விளைவது.

பிணக்குகள் பெரும்பாலும் மூவகையின. வாடிக்கையாளர் பணம் செலுத்தவில்லை என்றோ, செலுத்திய பணம் போதாது என்றோ எழுவது முதல்வகை. மறுவிற்பனையாளர் தம் மேலிடத்துக்குச் செலுத்தாமையால் அவருடைய வாடிக்கையாளர் அனைவரும் ஒருங்கே இருளில் வீழ்வது இரண்டாம் வகை. மறுவிற்பனையாளர் தொழிலைக் கைவிடுதல், நோயுறுதல், இறத்தல், கூட்டாளியோடு முரண்படுதல் ஆகிய காரணங்களால் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதே தெரியாதுபோவது மூன்றாம் வகை. முதல்வகையிற் பேச ஓர் ஆள் உண்டு. ஏனைய இரண்டிலும் அதுவும் இல்லை.

நான்கு பொருள்கள்

தளத்தைப் பறிகொடுத்தோர் பலர் எதனை இழந்தோம் என்று தெளியாமலே மன்றாடுகின்றனர். வலைத்தளம் என்னும் ஒரு சொல்லுள் நான்கு பொருள்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறிதலே மீட்சியின் முதற்படி.

ஒன்று, பெயர். ஆள்களப் பெயர் எனப்படும் இது வீட்டின் விலாசம் போன்றது. இது பெயர்ப் பதிவாளரிடம் ஆண்டுக் கட்டணத்துக்குப் பதியப்படுவது. இரண்டு, இடம். இது சேவையகத்திலே வாடகைக்குப் பெற்ற பங்கு. மூன்று, கோப்புகள். படங்கள், ஆவணங்கள், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரல்கள் என்பன இதில் அடங்கும். நான்கு, தரவுத்தளம். வேர்ட்பிரஸ் முதலிய அமைப்புகளிற் கட்டுரைகளும் அறிவித்தல்களும் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதில்லை. தரவுத்தளம் ஒன்றன் அட்டவணைகளுள்ளே இருக்கின்றன. கோப்புறையை மாத்திரம் படியெடுத்து வந்தவர் வீட்டின் சுவரையும் படங்களையும் கொணர்ந்து, எழுத்து முழுவதையும் விட்டுவந்தவர் ஆவார். இத்தவறு மிகப் பெருவழக்காக நிகழ்வது.

இந்நான்கனுள் இடத்துக்கு அரிய மதிப்பு இல்லை. உலகில் ஆயிரம் இடங்கள் வாடகைக்கு உண்டு. பெயரை இழந்தால் வாசகர் வழிதவறுவர். ஆயினும் வேறு பெயரில் மீண்டும் தொடங்கலாம். கோப்பும் தரவுத்தளமும் இழந்தால் மீட்பதற்கு அவற்றின் இன்னொரு பிரதியன்றி வேறு வழியில்லை. பிணக்குக் காலத்தில் மக்கள் பெரும்பாலும் இடத்துக்காகவே வாதாடுகின்றனர். வாதாட வேண்டியது ஏனைய மூன்றுக்குமாம்.

உலகியலில் மூன்று வழக்குகள்

இவ்வகைப் பிணக்குகள் பிற நாடுகளிற் பேரளவில் நிகழ்ந்து பதிவாகியுள்ளன. அவற்றுள் மூன்று, மூன்று வேறு உண்மைகளைக் கற்பிக்கின்றன.

அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்தில் இயங்கிய றெஜிஸ்ரர்பிளை என்னும் நிறுவனம், ஈநொம் என்னும் பெருநிறுவனத்தின் மறுவிற்பனையாளராக இருந்து பின்னர்த் தானே பெயர்ப் பதிவாளராயிற்று. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் உரிமையாளர்களுக்கிடையே மூண்ட பூசல் நீதிமன்றம் ஏறியது. பணம் செலுத்தியும் பெயர் புதுப்பிக்கப்படாமையால் வாடிக்கையாளர் பலர் தம் பெயர்களை இழந்தனர். இணையப் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அதன் ஏற்பை நீக்குவதாக அறிவித்தது. மே மாதத்தில் ஏறக்குறைய 850,000 பெயர்கள் கோடாடி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. மறைபெயர்ச் சேவையால் தம் பெயரைப் பதிவேட்டில் மறைத்து வைத்தோர் தாமே உரியவர் என்று நிறுவுவதில் தனி இடர்ப்பட்டனர். பதிவாளர்கள் தம் பதிவேட்டின் பிரதியை மூன்றாமவர் ஒருவரிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு அதன் பின்னரே உறுதிப்பட்டது. 2007 நவம்பரில் அப்பணிக்கு அயன் மவுண்டன் நிறுவனம் தெரிவுசெய்யப்பட்டது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரியவராகக் கொள்ளப்படுவார் என்பது இவ்வழக்குக் கற்பிக்கும் உண்மை.

இரண்டாவது, 2012 சனவரியில் அமெரிக்க அரசு முடக்கிய மெகாஅப்லோட் என்னும் சேவை. அச்சேவை கார்பதியா என்னும் நிறுவனத்தின் சேவையகங்களை வாடகைக்குப் பெற்றிருந்தது. முடக்கத்தின்பின் 1,100இற்கு மேற்பட்ட சேவையகங்கள் எவருக்கும் பயன்படாது கிடந்தன. ஒகையோ மாநிலத்திற் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்து வந்த ஒருவர் தம் காணொளிகளை அங்கு வைத்திருந்தார். அந்நாள்களில் அவருடைய வீட்டுக் கணினியின் வட்டும் பழுதுற்றமையால் அங்கிருந்ததே ஒரே பிரதியாயிற்று. அவர் 2012இல் நீதிமன்றத்தை நாடினார். ஆண்டுகள் பல கழிந்தும் வழக்கு நீண்டுகொண்டே சென்றது. அவர்மேற் குற்றம் ஏதும் இல்லை, கோப்பு அவருடையதே. ஆயினும் உரிமை வேறு, கைக்கு எட்டுதல் வேறு என்பதை அவர் கதை காட்டுகின்றது.

மூன்றாவது, இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்த்த வழக்கு. டேற்றாரீம் என்னும் சஞ்சிகை வெளியீட்டு நிறுவனத்தின் சந்தாதாரர் தரவுத்தளத்தை யுவர் றெஸ்பொன்ஸ் என்னும் நிறுவனம் பேணிவந்தது. கட்டணம் பற்றிப் பிணக்கு எழவே, பணம் தரும்வரை தரவுத்தளத்தைத் தரமாட்டோம் என்று அந்நிறுவனம் மறித்துவைத்தது. பொற்கொல்லர் செய்த நகையைக் கூலி பெறும்வரை வைத்திருப்பது போன்ற உரிமை அதுவென்பது அதன் வாதம். கீழ்நீதிமன்றம் அதனை ஏற்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. கையகப்படுத்தத்தக்க உருவப் பொருளுக்கே அம்மறிப்புரிமை உண்டு. தரவுத்தளம் அருவமாதலின் அதற்கு அவ்வுரிமை செல்லாது என்பது தீர்ப்பு. உடன்படிக்கையில் வெளிப்படையாக எழுதியிருப்பின் நிலை வேறுபடலாம். இத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எனினும் எடுத்துக்காட்டத்தக்கது.

இவ்விடத்தே யாழ்ப்பாணத்தின் தேசவழமையை நினைத்தல் தகும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட அச்சட்டத்தில் ஒற்றி பற்றிய விதிகளும் இடம்பெற்றன. ஒற்றி வைத்த காணி பிறர் கையிலிருந்தாலும் உரிமை வைத்தவரிடமே நிற்கும். பணம் கொடுத்து மீட்கலாம். ஆனாற் காணி எங்கும் ஓடிவிடாது. மின்னேடோ ஒரு விரலசைவில் அழிந்துபடும். ஆதலால் மின்னேட்டுப் பிணக்கில் நீதிக்குமுன் விரைவு வேண்டும்.

மீட்கும் முறை

பிணக்கு வெளிப்படுமுன்னரே பிரதி எடுத்தல் முதற்கடன். மறுவிற்பனையாளரை விட்டு நீங்கும் எண்ணம் உண்டாயின், அதனை அறிவிக்குமுன் கதவுகள் திறந்திருக்கும்போதே முழுப்பிரதி எடுத்துவைத்தல் வேண்டும். சீபனல் முதலிய ஆளுகைப் பலகைகளில் கோப்பு, தரவுத்தளம், மின்னஞ்சல் மூன்றையும் ஒரே கட்டாகப் பெறும் வசதி உண்டு. அப்பலகை மூடப்பட்டிருந்து, தளத்தின் எழுத்தாளர் வாயில் மாத்திரம் திறந்திருப்பின், வேர்ட்பிரஸின் ஏற்றுமதி வசதியால் எழுத்துகளைப் பெறலாம். படங்கள் அதில் அடங்கா, அவற்றை வேறாக எடுக்க வேண்டும். எல்லா வாயிலும் மூடப்பட்டுத் தளம் மாத்திரம் வாசகருக்குத் தெரியுமாயின், பக்கங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று படியெடுக்கும் நிரல்கள் உள. அவ்வாறு பெறுவது தளத்தின் நிழலே. ஆயினும் ஒன்றுமில்லாமையினும் அது நன்று.

தளம் ஏற்கெனவே மறைந்துவிட்டதாயின், அது நிறுத்தப்பட்டதா அழிக்கப்பட்டதா என்று அறிதல் அடுத்தது. பணம் செலுத்தாக் கணக்கை மறுவிற்பனையாளர் முதலில் நிறுத்திவைப்பதே பொதுவழக்கு. நிறுத்திய கணக்கின் கோப்புகள் சேவையகத்தில் அப்படியே இருக்கும். வாசகர் கண்ணுக்கு மாத்திரம் மறைக்கப்பட்டிருக்கும். கணக்கை முடித்துவிட்டால் கோப்புகள் நீக்கப்படும். நிறுத்தத்துக்கும் முடிப்புக்கும் இடைப்பட்ட காலமே மீட்சிக்குரிய காலம். அது சில நாள்களாகவும் இருக்கலாம், சில வாரங்களாகவும் இருக்கலாம். உடன்படிக்கையைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

அக்காலத்திற் சினந்து எழுதும் கடிதம் பயன்தராது. கணக்குப் பிணக்கையும் கோப்பையும் பெயரையும் தனித்தனியே பிரித்து, நாள் குறித்து, எழுத்தில் வேண்டுதல் வேண்டும். மறுவிற்பனையாளர் கேட்கும் தொகை சிறிதாயின், அது நியாயமன்று என்ற மறுப்பை எழுத்திற் பதிந்துவிட்டு, அதனைச் செலுத்திப் பிரதியைப் பெறுதல் பெரும்பாலும் அறிவுடைமை. பிணக்கைப் பின்னர்த் தீர்க்கலாம். அழிந்த தரவுத்தளத்தைப் பின்னர் ஆக்க இயலாது. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுத் தொடர்பாடலுக்குச் சட்டமதிப்பு அளிக்கின்றது. ஆதலின் மின்னஞ்சலில் நிகழும் இவ்வுரையாடலும் சான்றாகத்தக்கது. ஒன்றையும் அழியாது வைத்தல் வேண்டும்.

மறுவிற்பனையாளர் மறுமொழி தராவிடின் மேலிடத்தை நாடலாம். ஆள்களப் பெயர் சுட்டும் எண்முகவரியைக் கொண்டு அது எந்நிறுவனத்துச் சேவையகம் என்பதை எவரும் அறியலாம். அந்நிறுவனம் கோப்புகளை நேரே கொடுப்பது அரிது. தனக்கும் வலைத்தளத்தாருக்கும் உடன்படிக்கை இல்லை என்றும், கேட்பவர் யாரென்று தனக்குத் தெரியாது என்றும் அது சொல்லும். அம்மறுப்பு முறையானதே, கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் நிறுவனத்தை எவரும் நம்ப இயலாது. ஆகவே கோப்புகளைத் தருமாறு கேட்பதினும், பிணக்குத் தீரும்வரை அழிக்காது வைத்திருக்குமாறு கேட்பதே பயன்தரும். பெயர் தம்முடையது என்னும் சான்றும், செலுத்திய பற்றுச்சீட்டும் அவ்வேண்டுகோளுக்கு வலுவூட்டும்.

பெயரை மீட்கும் வழி இதனின் வேறு. பதிவேட்டில் ஊர்ச்சங்கத்தின் பெயர் இருப்பின் நிலை உறுதியானது. '.கொம்' போன்ற பொதுப்பெயர்களை ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்ற இசைவுக் குறியீடு ஒன்று வேண்டும். உரியவர் கேட்டால் அதனை ஐந்து நாள்களுக்குள் தருதல் பதிவாளர் கடன் என்று ஐகானின் விதி கூறுகின்றது. உரியவர் தம் பெயருக்கான பணத்தைச் செலுத்தியிருக்க, பதிவாளருக்கும் அவர்தம் விற்பனைக் கூட்டாளிக்கும் இடையிலுள்ள பணப் பிணக்கைக் காரணங்காட்டி மாற்றத்தை மறுத்தலாகாது என்பதும் அவ்விதியில் உண்டு. மறுவிற்பனையாளரிடம் அகப்பட்டோர் அறியவேண்டிய விதி இதுவே. புதுப்பிக்கப்படாமையாற் பெயர் நீக்கப்பட்டிருப்பினும், நீக்கத்தின்பின் 30 நாள் மீட்புக்காலம் உண்டு; கட்டணம் மிகுதியாயினும் அக்காலத்துள் உரியவரே மீளப் பெறலாம். '.எல்கே' என முடியும் பெயர்களுக்கும், 2010 முதல் வழங்கிவரும் '.இலங்கை' என முடியும் தமிழ்ப் பெயர்களுக்கும் இலங்கை ஆள்களப் பதிவகமே பொறுப்பு. அப்பெயர்கள் பற்றிய பிணக்கை அங்கு எடுத்துச் செல்லலாம்.

மறுவிற்பனையாளரின் பழைய கடவுச்சொல்லை ஊகித்தோ, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பூட்டை உடைத்தோ உள்நுழைதல் கூடாது. கோப்பு தம்முடையதாயினும் சேவையகம் பிறருடையது. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றி நுழைதலைக் குற்றமாகக் கொள்கின்றது. நீதி தம் பக்கம் இருக்கும்போது அதனைத் தாமே கெடுத்துக்கொள்ளல் பேதைமை.

சிதறிய பிரதிகள்

மேற்கூறியன எல்லாம் பயனற்றபோது, சிதறிக்கிடக்கும் பிரதிகளைத் தேடித் தொகுத்தலே எஞ்சிய வழி. புறூஸ்ரர் கால் என்பவர் 1996இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய இணைய ஆவணகம், உலக வலைத்தளங்களின் பக்கங்களைக் காலந்தோறும் படியெடுத்து வைக்கின்றது. 2001இல் அத்தொகுப்பு வேபாக் மெஷின் என்னும் பெயரோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அதன் பக்கத்தொகை ஓர் இலட்சம் கோடியை எட்டியது. மறைந்த தளத்தின் முகவரியை அங்கு இட்டால் பல ஆண்டுகளின் பக்கங்கள் நாள்வாரியாகத் தோன்றும். ஆயினும் அதற்கு எல்லைகள் உண்டு. தரவுத்தளம் அங்கு இராது. கடவுச்சொல்லால் மூடிய பக்கமும் இராது. பெரிய படங்களுக்குப் பதிலாகச் சிறு படங்களே சிலவேளை எஞ்சியிருக்கும். 2024 அக்டோபரில் அவ்வாவணகமே இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சிலநாள் முடங்கியது. கூகிள் தேடற்பொறி முன்னர்க் காட்டிவந்த பக்கப்பிரதிகளும் 2024இல் நிறுத்தப்பட்டன. ஆதலின் பிறர் எடுத்த பிரதியை இறுதித் துணையாகக் கொள்ளலாமேயன்றி முதற்காவலாகக் கொள்ளலாகாது.

மக்கள் கையிலுள்ள பிரதிகள் இதனினும் வளமானவை. தளத்தை முதலில் அமைத்தவரின் கணினி, படம் பிடித்தவரின் கைப்பேசி, மரண அறிவித்தலை அனுப்பிய குடும்பத்தாரின் மின்னஞ்சல், விழா மலரின் அச்சுப்பிரதி ஆகியவற்றிலிருந்து பெரும்பகுதியை மீளக் கட்டலாம். இவ்வேலையைப் பகுத்துக் கொடுத்தால் ஊரவர் பத்துப்பேர் சில வாரங்களிற் செய்து முடிப்பர்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், இலங்கைத் தமிழரின் பழைய தளங்கள் பல பாமினி முதலிய எழுத்துருக்களிலே எழுதப்பட்டன. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். மீட்டவர் அதனைக் குப்பையென்று எறிந்துவிடலாகாது. எழுத்துமாற்றியில் இட்டால் அது நல்ல தமிழாகும். ஒருங்குறித் தளங்களிலும் ஒரு பொறி உண்டு. தரவுத்தளத்தைப் பிரதிசெய்யும்போது குறியீட்டு முறையைத் தவறாகக் குறித்தால், ஒவ்வொரு தமிழெழுத்தும் மும்மூன்று விநோத வடிவங்களாகத் தோன்றும். அஃது அஞ்சத்தக்கதன்று, எதிர்முறையில் மாற்றினால் எழுத்து மீளும். தமிழெழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக நிற்குமாயின் அப்பிரதியில் எழுத்து அழிந்தேவிட்டது. மூலம் இன்னும் இருக்கும்போதே வேறு பிரதி எடுத்தல் வேண்டும். எனவே பிரதி பெற்றவுடன் திறந்து நாலு பக்கத்தை வாசித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

மீட்ட கோப்புகளைப் புதிய இடத்தில் ஏற்றுமுன் மறுவிற்பனையாளர் பெயரிலுள்ள ஆளுநர் கணக்குகளை நீக்கி, கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றி, தீய நிரல்கள் கலந்திருக்கின்றனவா என்று நோக்குதல் வேண்டும். தளம் புதிய இடத்தில் ஒழுங்காக இயங்குவதைக் கண்ட பின்னரே பெயரை அவ்விடத்துக்குத் திருப்புதல் முறை. திருப்பிய ஓரிரு நாள்வரை வாசகர் சிலர் பழைய இடத்துக்கே செல்வர், அது பிழையன்று. மின்னஞ்சலின் வழியையும் உடன் திருப்ப மறந்தால் கடிதங்கள் பழைய இடத்திலே தேங்கும்.

காக்கும் முறை

மேற்கூறிய முயற்சிகள் எல்லாம் ஒரு குறையினாலேயே வேண்டப்படுகின்றன. பிரதி ஒன்றே ஒன்றாக இருந்தமையே அக்குறை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகள் கண்முன்னே சிதைந்தழிவதைப் பதிப்புரையில் வருந்தி உரைத்தார். பண்டைய நூல்களுட் பிழைத்தவை, ஓலை பழுதாகுமுன் ஒருவர் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியமையாற் பிழைத்தவையே. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்தே பிரதி உள்ளவற்றை மீண்டும் சேர்க்க முடிந்தது. ஒரே பிரதியாயிருந்த ஏடுகள் மீளவில்லை.

இணையத்திலும் அதே உண்மையை உணர்ந்து செயற்பட்டோர் உளர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை எவரும் படியெடுத்துப் பரப்ப இசைவளித்தது. எந்த ஒரு சேவையகம் மூடப்பட்டாலும் அந்நூல்கள் அழியா. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சிறுவெளியீடுகளையும் மின்னாவணமாக்கி வருகின்றது. ஊர்ச்சங்கமொன்று தன் மலர்களையும் வரலாற்றுக் குறிப்புகளையும் இத்தகைய பொது ஆவணகத்திலும் சேர்த்துவைத்தல், தளத்துக்கு இரண்டாம் உயிர் கொடுத்தலாகும்.

ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கு மிகச் சிறிது. ஆள்களப் பெயரைச் சங்கத்தின் பெயராலே பதிந்து, அதற்குரிய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்கச் செய்தல். பெயரை ஒருவரிடமும் இடத்தை வேறொருவரிடமும் பெறுதல். திங்கள்தோறும் கோப்பையும் தரவுத்தளத்தையும் படியெடுத்து, ஊரில் ஒன்றும் வெளிநாட்டில் ஒன்றுமாக வைத்தல். ஆண்டுக்கு ஒருமுறை அப்பிரதியைத் திறந்து இயக்கிப் பார்த்தல். ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கணக்கறிக்கையோடு திறவுகோல் யார் யாரிடம் உள்ளது என்பதையும் அறிக்கையிடல். இவ்வைந்தும் செய்யப்படின் மறுவிற்பனையாளரோடு எழும் பிணக்கு வெறும் பணப் பிணக்காகவே முடியும்.

கடன்கொடுத்த பணத்துக்கு உறுதி எழுதி வாங்குவதும், காணிக்குத் தோம்பு பார்ப்பதும் யாழ்ப்பாணத்தார் வழக்கம். அதே விழிப்பு மின்னேட்டுக்கும் வேண்டும். பிறரிடம் வைத்த ஏடு தம்முடையதாவது அதன் இன்னொரு பிரதி தம் கையில் இருக்குமளவுக்கே. கணினி கற்கும் மாணவர் தத்தம் ஊர்த் தளத்தின் ஒரு பிரதியையேனும் எடுத்து வைப்பாராயின், அவர் செய்வது முன்னோர் ஓலை பெயர்த்தெழுதிய அப்பணியே ஆகும்.